கொதிநீருக்கு ஒரு சாண் தள்ளி

மூடியை இறுக்கிவிட்டால் நீர்மூழ்கியின் அந்தக் கோளத்துக்குள் வெளி வாடை நுழைய வழியே கிடையாது. அதனால்தான் இதலினா முதலில் தன் கைகளை முகர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரின் கழுத்தை. பிறகு மடியிலிருந்த பொட்டலத்தை. சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவற்றின் சொந்த வாசத்தோடுதான் இருந்தன. அழுகிய முட்டையின் வாடை வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. தேடினால் இல்லை; மறந்தால் இருந்தது.

"உங்களுக்கு ஏதாவது வாடை வருதா, ஒனோஃப்ரே?"

நீர்மூழ்கியை ஓட்டிக்கொண்டிருந்த ஒனோஃப்ரே திரும்பவில்லை. "நேத்து மொச்சைக் குழம்பு மூணு தட்டு சாப்பிட்டேன். இந்த வயசுல ஒரு மனுஷனைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது?"

இதலினா சிரித்துவிட்டாள். சிரித்ததும் தொண்டை வலித்தது. வசந்த காலத்திலிருந்து அவள் சிரித்திருக்கவில்லை. ஒனோஃப்ரே அதைக் கவனித்தார். கவனிக்காதவர் போல மீட்டர்களை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"காத்து சுத்தமாத்தான் இருக்கு, அம்மாடி. முள்ளு அசையல. உனக்கு வெறும் வயிறு. ரொட்டியைப் பிச்சு வாயில போடு."

அவர்கள் உள்ளே இறங்கியபோது கப்பலின் தளம் காலை வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. இப்போது அந்த வெயில் தலைக்கு மேலே, எத்தனையோ மலைகளை அடுக்கினாலும் எட்டாத உயரத்தில், யாருக்கோ சொந்தமானதாக இருந்தது. அவள் பக்கத்து ஜன்னலில் நீலம் கறுத்து, கறுப்பு இறுகி, கடைசியில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி முனகிக்கொண்டிருந்தது. உலோகச் சுவரில் அவர்களுடைய மூச்சே ஈரமாகப் படிந்து, சொட்டுச் சொட்டாகத் தோளில் விழுந்தது.

பதினைந்து வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். வெயிலே எட்டாத அந்தக் கடலடியில், பாறை வெடிப்பிலிருந்து கருநீர் ஈயத்தை உருக்கும் சூட்டோடு பீறிடும் இடங்களில், வாழும் பிராணிகள் தங்கள் சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்பது. அந்தக் கருநீரில் அழுகிய முட்டையாக நாறும் கந்தகம் கலந்திருக்கும். கந்தகத்தைத் தின்ன நுண்ணுயிர்கள் உண்டு. அந்த நுண்ணுயிர்களை மட்டி தன் செவுளில் குடிவைத்திருக்கும். இறால் தன் வாய்க்கூட்டில் வளர்க்கும். ஆகவே இறாலுக்கு வேட்டை கிடையாது, மேய்ச்சல் கிடையாது. கொதிநீருக்கு அருகில் நின்றாலே போதும், சாப்பாடு வாய்க்குள்ளேயே விளையும். ஒரு சாண் கிட்டப் போனால் வெந்துபோகும். ஒரு சாண் தள்ளிப் போனால் பட்டினி. கண்ணே இல்லாத அந்தப் பிராணி இந்த ஒரு சாணை இருட்டில் எப்படிப் பிடிக்கிறது? மீசையால் கந்தக வாடையை மோப்பம் பிடித்து. முதுகில் இமையில்லாமல் பதிந்திருக்கும் இரண்டு பட்டைகளால், கொதிநீர் கசியவிடும் தணல் ஒளியை, மனிதக் கண்ணுக்கு எட்டாத ஒளியை, வாங்கிக்கொண்டு.

பெலர்மினோவுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவளுடைய கணவன் அந்தக் கப்பலில்தான் வேலை பார்த்தான். நீர்மூழ்கி மேலே மிதந்து வந்ததும் கடலில் குதித்து, அதன் தலையில் கொக்கியை மாட்டுகிற வேலை. "உன் இறாலும் நானும் ஒண்ணு, லீனா. ரெண்டு பேரும் அடுப்படியை விட்டு நகர மாட்டோம்" என்பான். பரிசுத்த ஆவித் திருநாள் முடிந்த வாரம், இதே கொதிநீர் ஊற்றுகளுக்கு நேர் மேலே, கொக்கியை மாட்டிவிட்டு அவன் கட்டைவிரலை உயர்த்தியபோது ஓர் அலை வந்தது. அலை போன பிறகு நீர்மூழ்கி இருந்தது, கொக்கி இருந்தது. இரண்டு கப்பலும் ஒரு விமானமும் தேடின.

சொந்த ஊரான மதலேனாவில் வெறும் பெட்டியைத்தான் அடக்கம் செய்தார்கள். உள்ளே அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் ஷூவும். நான்கு பேர் பெட்டியைத் தூக்கியதும் அது கனமே இல்லாமல் மேலே எகிறிவிட்டது. ஒரு கணம் நால்வரும் வெட்கப்பட்டு நின்றார்கள். பிறகு முன்வரிசையிலிருந்த ஒனோஃப்ரே முழங்காலை மடக்கி, பாரம் தாங்காதவர் போல மூச்சுவிட்டு, மெல்ல நடக்க ஆரம்பித்தார். மற்ற மூவரும் அவரைப் பார்த்து அப்படியே நடந்தார்கள். கோயிலிலிருந்து குழி வரைக்கும், அவளுக்காக.

"பெனில்டே கல்யாணத்துக்கு வந்துடணும், சொல்லிட்டேன்" என்றார் ஒனோஃப்ரே இப்போது. பெனில்டே அவருடைய ஒரே மகள். "திராட்சை பறிச்சு முடிச்சதும் வச்சிருக்கோம். துக்கக் கறுப்பு போட்டுக்கிட்டே வா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா பல்லை உடைக்கிறேன்."

"வரேன்."

"ஆடணும்."

"ஒனோஃப்ரே..."

"சரி, ஆட வேணாம். உக்காந்து சாப்பிடு."

விளக்குகளின் வெளிச்சத்தில் கடலடி மேலே எழுந்து வந்தது. கறுத்த பாறை, சாம்பல் படிந்த சரிவு. பிறகு அந்தக் கல்தூண். உச்சியிலிருந்து கரும்புகை சுழன்று சுழன்று கொட்டியது. ஒனோஃப்ரே நீர்மூழ்கியை நிறுத்தினார்.

தூண் மொட்டையாக நின்றது.

அவள் பார்த்த அத்தனை வருடங்களிலும் அந்தக் கல்லைப் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாதபடி இறால்கள் மொய்த்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக, வெள்ளையாக, கல்லுக்கே தோல் முளைத்து நெளிவது போல. இன்று கல் தெரிந்தது. கல்லின் தழும்புகள் தெரிந்தன. அடியில் மட்டிகள் மட்டும், நகர முடியாதவை என்பதால், வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தன.

"ஊத்து அணைஞ்சிடுச்சோ?" என்றார் ஒனோஃப்ரே.

"இல்ல. பாருங்க, கொதிக்குது."

"அப்போ எங்க போச்சு எல்லாம்?"

அவளுக்குத் தெரியவில்லை. பசியுள்ள எதுவும் இந்த இடத்தை விட்டுப் போகாது. போனால் செத்துவிடும். இதைவிடப் பலமான வாடையும் இதைவிடப் பிரகாசமான தணலும் வேறெங்காவது இருந்தாலொழிய.

கோளத்துக்குள் முட்டை வாடை கூடியிருந்தது.

அப்போது வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு நண்டு நடந்து போனது. வெளுத்த, தடித்த நண்டு. அவசரமில்லாமல், சந்தேகமில்லாமல், தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி ஒரு விலாங்கு போன்ற மீன், தலையைத் தாழ்த்தி, தரையை முகர்ந்தபடி அதே திசையில். மண்ணில் ஏற்கெனவே ஒரு தடம் விழுந்திருந்தது. நிறையக் கால்கள் நடந்து தேய்ந்த தடம்.

"பின்னாடியே போகலாம்."

"அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது, இதலினா. வெறும் குளுந்த மண்ணு. எனக்குத் தெரியாதா?"

"கொஞ்ச தூரம்."

அவர் அவளைப் பார்த்தார். பெரிய முகம், வெயிலில் காய்ந்த பீக்கோ தீவு முகம். "நெஜத்தைச் சொல்லு. நீ கீழ வந்தது இறாலுக்காகவா?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு எலும்பு கிடைச்சாலும் போதும். அவங்க அம்மாவுக்கு. எனக்கு. அந்தப் பெட்டியில சட்டையும் ஷூவும் மட்டும்தான் இருக்கு, ஒனோஃப்ரே."

"மேல விழுந்தவன் நேரா கீழ வந்து நிப்பானா? நீரோட்டம் எங்கெல்லாம் இழுத்திருக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தாடையைத் தேய்த்தார். பிறகு நெம்புகோலை முன்னே தள்ளினார்.

மேலே கப்பலிலிருந்து ஜெர்மானோவின் குரல் வந்தது. தளத்தின் பொறுப்பு அவருடையது. தண்ணீர் வழியாக வரும் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால் நீண்டது. "கோளம்... எல்லாம் நலமா..."

"நலம்" என்றார் ஒனோஃப்ரே. "கொஞ்சம் ஊர் சுத்திப் பாக்கிறோம்."

தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போகப் போக நண்டுகள் கூடின. திருவிழாவுக்குப் போகும் கூட்டம் போலத் தோளோடு தோள் உரசி நடந்தன. அவற்றுக்கு மேலே இறால்கள் மேகமாக நீந்தின. சில நீர்மூழ்கியின் மேல் மோதின. டிக். டிக் டிக். தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம். வெளி வெப்பமானி குளிரைத்தான் காட்டியது. ஊற்றும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன, சாப்பாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவை போல.

அந்த இடத்தில் ஒரு குவியல் நின்றது. வெள்ளை. நெளிவது. ஓர் ஆள் உயரம்.

விசிறி முனகியது. ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்து உள்ளே இறங்கியது.

"பாறை" என்றார் ஒனோஃப்ரே. "பாறை மேல மொய்க்குது."

"விளக்கை அணைங்க."

"எதுக்கு?"

"வெளிச்சம் பட்டா அதுங்க பட்டை கருகிப் போயிடும். எப்பவும் அணைப்போமே."

எப்போதும் அணைப்பதுதான். அவர் ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசி விளக்கும் போனதும் இருட்டு கோளத்துக்குள் வந்து அவர்கள் மடியில் உட்கார்ந்தது. தன் கை தனக்குத் தெரியவில்லை. ஒனோஃப்ரேயின் மூச்சு மட்டும் கேட்டது. டிக். டிக் டிக். முட்டை வாடை இப்போது நாக்கிலேயே இருந்தது.

பிறகு அவளுக்குத் தெரிந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியக் கூடாதது. வெளியே, சாம்பல் மூடிய கங்கு போல ஒரு மங்கல் சிவப்பு. முதலில் ஒரு கறை. பார்க்கப் பார்க்க அதற்குத் தலை வந்தது, முதுகு வந்தது. இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருந்தது.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். சிறு வயதில் துடுப்புப் படகுப் போட்டியில் எலும்பு விலகி, சரியாகக் கூடாமல் போன தோள். எத்தனையோ காலைகளில் அவள் கன்னம் வைத்துக் கிடந்த பள்ளம் அதில் இருந்தது.

"பெலர்மினோ."

"இல்ல" என்றார் ஒனோஃப்ரே இருட்டில். "இல்ல, இல்ல. அது எதுவோ..."

"அவன்தான்."

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் அழைத்தாள். திரும்பிப் பார் என்றாள், நான்தான் என்றாள். இத்தனை மாதம் எங்கே இருந்தாய் என்று ஒரு சின்னப் பெண்ணைப் போலக் கேட்டாள். அவன் திரும்பவில்லை. அந்த முதுகு தன்னை வெறுக்கிறது என்று நினைத்து அவளுக்கு நெஞ்சு பிளந்தது. பிறகுதான் பின்கழுத்திலிருந்து தோள்பட்டை வரை இறங்கிய அந்த இரண்டு பட்டைகளைப் பார்த்தாள். தட்டையாக. ஈரமாக. இமையில்லாமல்.

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் ஓர் அடி எடுத்துவைத்தான். இன்னோர் அடி. பின்பக்கமாகவே, குதிகால் முன்னே வர, தடுமாறாமல், கடலடி மண்ணில் நடந்து வந்தான். இறால்கள் அவனோடு வந்தன. நண்டுகள் வழிவிட்டன.

"அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார் ஒனோஃப்ரே. அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வந்து அவன் திரும்பினான். கண்கள் இருந்த இடத்தில் தோல் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது, உள்ளே நாக்கில்லை, வெள்ளை நூல்கள் அடர்ந்து அலைந்தன. ஆனாலும் நெற்றி அவனுடையது. மூக்கு அவனுடையது. இதலினா உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். அந்த முகம் மெல்லச் சரிந்து வந்து, சரியாக அவள் உள்ளங்கைக்கு நேரே, கன்னத்தைப் பதித்துக்கொண்டது.

அவள் அழுதாள். பயம் இருந்தது, ஆனால் அது எங்கோ தள்ளி நின்றது. "வந்துட்டியா" என்றாள். "வந்துட்டியா, என் ராசா. நான்தான். லீனா." கையை இடப்பக்கம் நகர்த்தினாள். கன்னம் இடப்பக்கம் வந்தது. மேலே நகர்த்தினாள். மேலே வந்தது. "பாருங்க, ஒனோஃப்ரே. என்னைத் தெரியுது. அவனுக்கு என்னைத் தெரியுது."

ஒனோஃப்ரே தன் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் தேடினார். அதை இழுத்தால் அடியிலிருக்கும் இரும்புப் பாளங்கள் கழன்று விழும். நீர்மூழ்கி தானாக மேலே ஏறும். இருட்டில் தடவியவர், நிலை தவறி, இடது கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டார். அகன்ற கை, எப்போதும் சூடாக இருக்கும் கை.

அவள் உள்ளங்கைக்கு நேரே இருந்த முகம் தலையைத் தூக்கியது.

போய்விட்டது.

அவருடைய ஜன்னலில் அது மறுபடி தோன்றியதை அவள் தணல் வெளிச்சத்தில் பார்த்தாள். அதே கன்னம். அதே சரிவு. அதே ஆசை.

"இல்ல" என்றாள். "இங்க. நான் இங்க இருக்கேன்."

கைகளைத் தேய்த்தாள். வாயருகே வைத்து ஊதினாள். கண்ணாடியில் அடித்தாள். முகம் திரும்பவே இல்லை. காலடியில் காபி பிளாஸ்க் தட்டுப்பட்டது. மூடியைத் திருகி, கண்ணாடியோரம் ஆவி பறக்கப் பிடித்தாள். உடனே வந்துவிட்டான். அவசரமாக, பசித்த குழந்தை போல, கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டான். நூல்கள் துடித்தன. அவள் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். காபி ஆறியது. முதலில் வாய் கழன்றது, பிறகு கன்னம். ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பாமல், மீண்டும் அந்தப் பெரிய கைக்கே போனான்.

பதினைந்து வருடம் படித்தது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவை யாரையும் தேடி வருவதில்லை. சூட்டைத் தேடி வருகின்றன.

இரும்புப் பாளங்கள் கழன்று விழும் சத்தம் கேட்டது. கோளம் ஒரு குலுக்கலோடு எழும்பியது. நண்டுகள் உதிர்ந்தன. இறால்களின் டிக் டிக் குறைந்து, நின்றுபோனது. அவள் கீழே பார்த்தாள். அவன் இருட்டில் சிறுத்துப் போவான் என்று எதிர்பார்த்து, அந்தக் கடைசிப் பார்வைக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு பார்த்தாள்.

கீழே அவன் இல்லை. ஒனோஃப்ரேயின் ஜன்னலில் இருந்தான். வெளிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அவர்களோடு மேலே வந்துகொண்டிருந்தான்.

"இதலினா." அவர் குரல் வித்தியாசமாக இருந்தது. "கை வரமாட்டேங்குது."

"என்ன?"

"கண்ணாடியை விட்டு வரமாட்டேங்குது. குளுருது. எனக்கு ரொம்பக் குளுருது."

அவள் டார்ச்சைப் போட்டாள். அவருடைய இடது கை கண்ணாடியில் பனிக்கட்டியில் ஒட்டியது போல ஒட்டியிருந்தது. விரல்கள் நீலம். நீலம் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பற்கள் தந்தியடித்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் உள்ளங்கைக்கு நேரே, அந்த வாய்.

அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உலோகம் போலக் குளிர்ந்திருந்தது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். சுண்டுவிரல் பிரிந்தது. தோல் கொஞ்சம் அங்கேயே தங்கியது. அவர் முனகினார்.

"விடாத. வருது. இழு, அம்மாடி."

மோதிர விரல் பிரிந்தது.

"கோளம்..." ஜெர்மானோ. வால் நீண்ட குரல். "பாளம் கழட்டிட்டீங்க போல... எல்லாம் நலமா..."

இன்னும் மூன்று விரல். ஒரு முழு மூச்சு பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவளுக்கு அது கையிலேயே தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது.

அவன் கன்னத்தில் நிறம் வந்திருந்தது.

கடல் வெளுப்பு இல்லை. ரத்தம் ஓடும் நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்த பிறகு இருக்குமே, அந்தச் சிவப்பு. வாயிலிருந்து வெள்ளை நூல்கள் உதிர்ந்துகொண்டிருந்தன; பின்னால் பற்கள் தெரிந்தன, முன்பல்லில் அந்தச் சின்ன உடைசலோடு. கண்ணை மூடியிருந்த தோல் துடித்தது. ஒரு கீறல் விழுந்தது. விரிந்தது. வலது கண். பழுப்பு. ஈரம்.

அது அலைந்து, தேடி, ஒனோஃப்ரேயைக் கடந்து, அவளிடம் வந்து நின்றது. உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன.

லீனா.

"இழு" என்றார் ஒனோஃப்ரே. உதடுகள் வெளுத்திருந்தன. "கொஞ்சம்தான். இழு."

வெளியே இன்னும் கறுப்பு. வெயிலுக்கு நெடுநேரம் இருந்தது.

இதலினா அவர் மணிக்கட்டை விட்டாள். தன் இரண்டு கைகளையும் அவர் புறங்கையின் மேல் வைத்தாள். பிரிந்திருந்த சுண்டுவிரலை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு மோதிர விரலை. ஒவ்வொரு விரலாக நீவி, அகற்றி, கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினாள். தோள் வலிக்கும்வரை அழுத்தினாள்.

ஒனோஃப்ரே திரும்பி அவளைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கத்தவில்லை. இன்னொரு கையை எடுத்து அவளைத் தள்ளப் பார்த்தார்; அது பாதியிலேயே மடியில் விழுந்துவிட்டது.

"பெனில்டே..." என்றார்.

"கோளம்... பதில் சொல்லுங்க... எல்லாம் நலமா..."

"நலம்" என்றாள் இதலினா. கைகளை எடுக்கவில்லை. "மேல வந்துட்டிருக்கோம்."

கண்ணாடிக்கு அப்பால் இரண்டாவது கண் திறந்தது.